அயற்கோலால் அளக்கப்படும் தமிழ்க் குழந்தை

நிலத்தை அளப்பவன் பிழைபட்ட கோலைக் கொண்டு அளந்தால் நிலம் சுருங்கிவிடாது. நாளை வேறொருவன் செப்பமான கோலைக் கொண்டுவந்து அளந்து காட்டலாம். குழந்தையை அளப்பவன் பிழைபட்ட கோலைக் கொண்டு அளந்தால், குழந்தை சுருங்கியே போகும். 'இவனுக்கு அறிவு மட்டு' என்று ஒருமுறை எழுதிவிட்டால், ஆசிரியர் அவனை அவ்வாறே நோக்குவார். பெற்றோர் அவ்வாறே நம்புவர். இறுதியில் அவனும் அவ்வாறே ஆவான். ஆதலின், குழந்தையை ஆயப் புகுவோன் முதற்கண் விடையிறுக்க வேண்டிய வினா ஒன்றுண்டு. இக்குழந்தையை எம்மொழியில் அளக்கின்றாய்?

மாந்த வளர்ச்சி உளவியல் என்னும் துறை இன்று நம் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளிலும் மனையியல் கல்லூரிகளிலும் பாடமாக உள்ளது. கருவுற்ற நாள் முதல் முதுமை வரை மாந்தனின் உடலும் அறிவும் உணர்வும் எவ்வாறு வளர்கின்றன என்பதே அத்துறை ஆயும் பொருள். வளர்ச்சிக்கு வேர், வழிவழி வந்த பிறப்பியல்பா, சூழலா? வளர்ச்சி இடையறாது ஒழுகும் ஆறா, படிப்படியாக ஏறும் ஏணியா? இவ்விரு வினாக்களே அதன் அடிப்படை. இவ்வினாக்களுக்கு விடை கூறிய மேலைநாட்டறிஞர் பலர். அவர்தம் பெயர்களையும் அவர் வகுத்த படிகளையும் நம் மாணவர் மனப்பாடம் செய்து தேர்வெழுதுகின்றனர். ஆனால், அவ்வறிஞர்கள் உற்றுநோக்கிய குழந்தைகள் யார், அவர்கள் பேசிய மொழி எது என்று கேட்போர் மிகச் சிலரே.

குழந்தையை உற்றுநோக்குதல் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் தம் மரபியலை இளமைப் பெயர்களைக் கொண்டே தொடங்கினார். குட்டி, குருளை, கன்று, பறழ், பிள்ளை, மகவு, குழவி என உயிர்க்கேற்ப இளமையை வேறுபெயரிட்டு அழைத்த மொழி இது. தொடுவுணர்வு ஒன்றே உடைய உயிரிலிருந்து உள்ளம் உடைய மாந்தன் ஈறாக அறிவை ஆறு படிகளாக அடுக்கியவரும் அவரே. பின்வந்த பாட்டியல் நூலார் பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவம் வகுத்தனர். ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, கைகளை ஊன்றித் தலைதூக்கி ஆடுவது செங்கீரை. அமர்ந்து இரு கையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. அடியெடுத்து வைத்து வரும்படி அழைப்பது வருகை. இவற்றுக்கு இத்தனையாந் திங்கள் என்றும் கணக்குரைத்தனர். நூலுக்கு நூல் சிறு வேறுபாடும் உண்டு.

இதைக்கொண்டு, 'எல்லாம் எம்மிடம் அன்றே இருந்தது. மேலைநாட்டான் சொல்ல ஒன்றுமில்லை' என்று மார்தட்டுவது நமக்கு அழகன்று. பிள்ளைத்தமிழ் பாடுதற்கு வகுத்த முறையே தவிர, அளத்தற்கு வகுத்த கோல் அன்று. ஆயினும், அதை வகுத்தவன் குழந்தையைக் கூர்ந்து நோக்கியவன். நோக்கியதைத் தன் மொழியிலேயே பெயரிட்டு வைத்தவன். அந்த நோக்கு நம்மிடம் இடையறுந்து போயிற்று. பாட்டு மட்டும் எஞ்சியது. இதுவே நாம் கருத வேண்டிய குறை.

இனி, கோட்பாடுகளுக்கு வருவோம். சுவிட்சர்லாந்து நாட்டுப் பியாசேயும் உருசிய நாட்டு விகோட்சுகியும் ஒரே ஆண்டில், 1896-இல், பிறந்தவர்கள். பியாசே, குழந்தையின் அறிவு நான்கு படிகளில் ஏறுகிறது என்றார்: பிறப்பு முதல் 2 அகவை வரை ஒன்று, 7 வரை ஒன்று, 11 வரை ஒன்று, அதன்மேல் ஒன்று. 1934-இல் இளமையிலேயே மறைந்த விகோட்சுகியோ, தாயும் சுற்றமும் குழந்தையோடு பேசும் பேச்சே பின்னர் அதன் உள்ளத்துள் இறங்கி எண்ணமாக மாறுகிறது என்றார். அவர் கருத்துப்படி, மொழி என்பது எண்ணத்திற்குப் போர்த்தும் துணியன்று. எண்ணம் நெய்யப்படும் நூலே மொழி. தறியறிந்த கொங்கு மக்களுக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? பாவையும் ஊடையும் வேறுவேறு நூலாயின் துணி எப்படி இருக்கும் என்பதைப் பல்லடத்துத் தறிகாரர் அறிவர்.

பியாசே 1924-இல் வெளியிட்ட நூலொன்றில், குழந்தைகளிடம் கேட்ட வினா ஒன்று உள்ளது. 'உனக்கு உடன்பிறந்தான் உண்டா?' என்று கேட்பர். 'உண்டு' என்று சிறுவன் அவன் பெயரைச் சொல்வான். 'அவனுக்கு உடன்பிறந்தான் உண்டா?' என்று மீண்டும் கேட்டால், சிறு குழந்தைகள் பலர் 'இல்லை' என்பர். தன்னை மற்றவன் நிலையில் நின்று நோக்கும் ஆற்றல் இன்னும் வரவில்லை என்பது பியாசேயின் முடிவு. இவ்வினாவை அன்னூரிலோ காங்கயத்திலோ ஒரு குழந்தையிடம் கேளுங்கள் பார்ப்போம். 'உடன்பிறந்தான்' என்ற சொல்லை அக்குழந்தை வீட்டில் கேட்டிராது. அதற்குத் தெரிந்தது அண்ணன், தம்பி என்ற இருவரே. 'உனக்கு அண்ணன் உண்டா?' என்று கேட்டால், அடுத்த வினா 'உன் அண்ணனுக்குத் தம்பி உண்டா?' என்று மாறியாக வேண்டும். சொல்லே மாறிவிட்டது, மூத்தோன், இளையோன் என்ற முறையும் வினாவுக்குள் புகுந்துவிட்டது. இதனால் தமிழ்க் குழந்தைக்கு விடை எளிதாகுமா, கடிதாகுமா? தமிழ்க் குழந்தைகளிடம் ஆய்ந்தால் அன்றி அதை அறிய வழியில்லை. அங்ஙனமிருக்க, செனீவாக் குழந்தை எந்த அகவையில் விடை சொல்லிற்றோ அந்த அகவையையே நம் குழந்தைக்கும் எல்லையாக எழுதி வைப்பது எவ்வகை அறிவியல்?

இஃது ஒரு சொல்லோடு முடியும் செய்தியன்று. அப்பாரு, ஆத்தா, அப்பிச்சி, அம்மிச்சி என நால்வரையும் நான்கு பெயரால் பிரித்தறிந்து ஓடிவரும் மூன்றகவைக் கொங்குக் குழந்தைக்கு, ஆங்கிலப் படப்பொத்தகத்தில் முதியவர் இருவர்க்கு இரண்டே பெயர். மாமன், சித்தப்பன், பெரியப்பன் மூவரும் அங்கே ஒரே பெயருக்குள் அடங்கிவிடுவர். அக்குழந்தை அறிந்த நுட்பத்தை அளக்க அந்தத் தாளில் இடமே இல்லை. அறியாத ஒரு சொல்லுக்காக மதிப்பெண் குறைக்க மட்டும் இடம் உண்டு.

குழந்தையின் செவி எத்துணை முன்னதாகத் தாய்மொழியில் பழகிவிடுகிறது என்பதை அண்மைக் கால ஆய்வுகள் தெளிவாக்கியுள்ளன. பிறந்த சில நாள்களிலேயே குழந்தை தன் தாயின் குரலை வேறு பெண்ணின் குரலினின்று பிரித்தறிந்து விரும்புகிறது என்பதை 1980-இல் அமெரிக்க ஆய்வாளர் காட்டினர். 1984-இல் கனடாவில் சேனட்டு வெர்க்கர் என்னும் அம்மையாரும் அவர்தம் துணையாய்வாளரும் செய்த ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் 6 முதல் 8 திங்கள் வரை, இந்தி மொழியிலுள்ள டகர, தகர ஒலிகளை வேறுவேறாகக் கேட்டறிந்தன. 10 முதல் 12 திங்களுக்குள் அத்திறன் பெரிதும் மங்கிவிட்டது. தாய்மொழியில் அவ்வேறுபாடு இன்மையால் செவி அதனைக் கைவிட்டது. ஓராண்டு நிறைவதற்குள்ளேயே குழந்தையின் செவி தன் மொழியைத் தேர்ந்துகொள்கிறது என்றால், மூன்றாம் அகவையில் அதனை அயல்மொழி மழலையர் பள்ளியில் கொண்டுபோய் அமர்த்தி, 'இவன் பேசவே மாட்டேன் என்கிறான்' என்று குறை கூறுவது யார் பிழை?

அயல்மொழிக் கோலால் அளந்ததன் விளைவை உலகம் ஒருமுறை கண்டிருக்கிறது. 1905-இல் பாரிசு நகரில் பினே என்பார், பள்ளியில் தனியுதவி வேண்டிய பிள்ளைகளைக் கண்டறிவதற்காக அறிவுத் தேர்வு ஒன்றை வகுத்தார். உதவுவதற்காக வகுத்த அத்தேர்வை அமெரிக்காவின் கோடார்டு என்பார் எடுத்துச் சென்று, 1913-இல் நியூயார்க்குத் துறைமுகத்தில் வந்திறங்கிய உருசியர், இத்தாலியர், அங்கேரியர், யூதர் ஆகியோரிடம் நடத்தினார். கப்பலில் துன்புற்று வந்த ஏழைகளிடம், மொழிபெயர்ப்பாளர் வழியே, அவர்கள் வாழ்க்கையில் கண்டிராத பொருள்களைப் பற்றிக் கேட்டனர். கிடைத்த முடிவு என்ன தெரியுமா? அவ்வினத்தாருள் ஐவர்க்கு ஏறத்தாழ நால்வர் மதிக்குறையுடையோர்! மொழியறியாமையை அறிவின்மை என்று எழுதி வைத்த வரலாறு இது.

நம் அண்டை மொழியார் இதனை நம்மினும் முன்னதாக உணர்ந்தனர். பினேயின் தேர்வைக் காமத்து என்பார் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்கென மாற்றியமைத்து, அதுபற்றிய நூலை 1940-இல் வெளியிட்டார். கைக்குழந்தைகளின் வளர்ச்சியை அளக்கும் கோலொன்றைக் குசராத்தின் பரோடாவில் உருவாக்கினர். திருவனந்தபுரத்தில் இரண்டாண்டுக்குட்பட்ட குழந்தைகளுக்கான வளர்ச்சி அட்டவணை 1991-இல் வெளிவந்தது. தமிழ்நாட்டில் தமிழ்க் குழந்தையின் சொற்பெருக்கத்தையும் தொடரமைப்பையும் வட்டாரந்தோறும் கேட்டு எழுதி, அதன்மேல் எழுப்பிய கோல் ஒவ்வொரு மழலையர் பள்ளியிலும் ஒவ்வொரு குழந்தை மருத்துவர் மேசையிலும் இருக்க வேண்டாவா? கொங்கு நாட்டுக் குழந்தை எந்தத் திங்களில் 'ங்க' சேர்த்துப் பேசத் தொடங்குகிறது என்பதைக்கூட நம் ஆசிரியர்க்குச் சொல்லும் நூல் பாடத்திட்டத்தில் இல்லை. ஆய்வேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. தமிழில் கேட்டதை ஆங்கிலத்தில் எழுதும்போது, குழந்தை சொன்ன சொல் மறைந்து, ஆய்வாளர் மொழிபெயர்த்த சொல்லே எஞ்சுகிறது. தன் பிள்ளையைப் பற்றி எழுதப்பட்டதைப் படிக்கும் வாய்ப்புத் தாய்க்கு இல்லை.

இங்கேதான் கோட்பாடு அறத்தைத் தொடுகிறது.

குழந்தையை ஆய்பவனுக்கு அறம் வேண்டும் என்பதைக் குழந்தைகளின் கண்ணீரே உலகிற்குக் கற்பித்தது. 1920-இல் அமெரிக்காவில் வாட்சன் என்னும் உளவியலார், பதினொரு திங்கள் நிரம்பிய குழந்தை ஒன்றிடம் வெள்ளெலியைக் காட்டுந்தோறும் அதன் பின்னால் இரும்புத் தண்டைச் சம்மட்டியால் அடித்துப் பேரொலி எழுப்பினார். அஞ்சாதிருந்த குழந்தை எலியைக் கண்டாலே அலறத் தொடங்கிற்று. அச்சத்தை ஊட்டிக் காட்டியவர், அதை நீக்காமலே குழந்தையை அனுப்பிவிட்டார்.

இதனினும் கொடிது ஒன்று 1939-இல் நடந்தது. அயோவாப் பல்கலைக்கழகத்தில் வெண்டல் சான்சன் என்னும் பேராசிரியரின் வழிகாட்டலில், மேரி தியூடர் என்னும் மாணவி, தாவன்போர்ட்டு நகரில் பெற்றோரற்ற பிள்ளைகளின் இல்லத்தில் 22 பிள்ளைகளைத் தேர்ந்தார். அவர்களுள் திக்காமல் நன்றாகப் பேசிய ஆறு பிள்ளைகளிடம், 'உன் பேச்சில் குறையுள்ளது, நீ திக்குகிறாய், பிழையின்றிப் பேச முடியாவிட்டால் வாயைத் திறவாதே' என்ற கருத்துப்படப் பல திங்கள் சொல்லி வந்தனர். அப்பிள்ளைகள் பேசவே கூசினர். வகுப்பில் வாய் திறக்க அஞ்சினர். தமக்கு நேர்ந்தது ஓர் ஆய்வு என்பதே அவர்களுக்குப் பல்லாண்டுகள் தெரியாது. 2001-இல்தான் அப்பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007-இல் அயோவா அரசு ஆறு பேர் தரப்பிற்கு 9,25,000 தாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. அறுபத்தெட்டாண்டு கழித்து வந்த முறை அது.

அன்பர்களே, சற்றே நின்று எண்ணுங்கள். நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் ஈரோட்டிலும் கோவையிலும் ஆங்கிலவழிப் பள்ளிகள் பெருகியுள்ளன. அவற்றுள் சிலவற்றில் இடைவேளையில் தமிழ் பேசிய பிள்ளைக்கு ஒறுப்புத்தொகை வாங்குவதும், வகுப்பின் முன் நிறுத்தி நாணச் செய்வதும் நடப்பதைப் பெற்றோர் பலர் அறிவர். 'உன் பேச்சில் குறையுள்ளது; பிழையின்றிப் பேச முடியாவிட்டால் வாயைத் திறவாதே' என்பதைத்தானே அங்கும் சொல்கின்றனர்? சான்சன் ஆறு பிள்ளைகளிடம் செய்தான். கொடுமை என்று உலகம் தூற்றியது. இங்கே கட்டணம் வாங்கிக்கொண்டு செய்கின்றனர். நல்ல பள்ளி என்று ஊர் போற்றுகிறது. அங்கே ஆய்வேடு ஒன்றேனும் எழுதப்பட்டது. இங்கே எத்தனை பிள்ளைகள் வாய்மூடினர் என்ற கணக்கே இல்லை.

செர்மானியக் கொடுமைகளை உசாவிய நியூரம்பர்க்கு நடுவர்மன்றம் 1947-இல், ஆய்வுக்குட்படுவோரின் தன்விருப்ப இசைவின்றி ஆய்வு கூடாது என்று நெறி வகுத்தது. 1979-இல் அமெரிக்காவில் வெளிவந்த பெல்மாண்டு அறிக்கை, மாந்தரை மதித்தல், நன்மை செய்தல், நயன்மை வழங்கல் என மூன்று அடிப்படைகளை நிறுவியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட அறநெறிகள், உடல்நலம் சார்ந்த நடத்தை ஆய்வுகளையும் தழுவுவன. இசைவுப் படிவம் பங்கேற்போர்க்குப் புரியும் மொழியில் இருத்தல் வேண்டும். 7 முதல் 12 அகவை வரை பெற்றோர் முன்னிலையில் பிள்ளையின் வாய்மொழி இசைவும், 12 முதல் 18 வரை எழுத்துவழி இசைவும் பெறுதல் வேண்டும் என்பன அவற்றுள் சில.

நெறி தாளில் இருக்கிறது, நடப்பு என்ன? 2009-இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குசராத்தின் வடோதரா மாவட்டத்திலும் சிறுமியர்க்குத் தடுப்பூசித் திட்டமொன்று நடத்தப்பட்டு, 2010-இல் நிறுத்தப்பட்டது. அஃது உளவியல் ஆய்வன்று; எனினும் படிப்பினை ஒன்றே. ஆந்திரத்தில் இசைவுப் படிவங்கள் பலவற்றில் பெற்றோர்க்கு மாற்றாக விடுதிக் காப்பாளரும் தலைமையாசிரியரும் கையொப்பமிட்டிருந்ததை நாடாளுமன்ற நிலைக்குழு 2013-இல் வெளிப்படுத்தியது. தலைமையாசிரியரின் ஒரு கையொப்பம் நூறு தாய்மாரின் இசைவாகிவிடாது. விடுதிப் பள்ளிகள் நிறைந்த நம் வட்டாரம் இதனை நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும்.

இவ்விடத்து நம் இயக்கத்தார்க்கும் ஒன்று சொல்ல வேண்டும். 'தங்கள் மகவின் பங்கேற்பு முற்றிலும் தன்னார்வ அடிப்படையிலானது' என்று தூய தமிழில் எழுதிவிட்டால் கடன் தீர்ந்ததா? நூற்பாலையில் இரவுமுறை முடித்து வந்த தாய்க்கு அது புரியுமா? 'உங்கள் பிள்ளையை இதில் சேர்க்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. வேண்டாமென்று தோன்றினால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். அதனால் பள்ளியில் பிள்ளைக்கு எந்தக் குறையும் வராது' என்று எழுதினால் அதுவும் தூய தமிழ்தான். அதோடு அவளுக்கும் உரிய தமிழ். தாய்க்குப் புரியாத தனித்தமிழும் ஆங்கிலம் செய்யும் கேட்டையே செய்யும். தூய்மை என்பது அயற்சொல்லை விலக்குவது மட்டுமன்று. பொருள் மறையாமல் பேசுவதும் தூய்மையே.

இதற்கு வழிகாட்டி நம் மண்ணிலேயே தோன்றினார். மொடக்குறிச்சிப் பக்கத்தில் 1908-இல் பிறந்த பெ. தூரன், கோவை இராமகிருட்டிண வித்தியாலயத்தில் ஆசிரியராக இருந்தவர். 'குழந்தை உள்ளம்', 'குமரப் பருவம்', 'தாழ்வு மனப்பான்மை', 'அடிமனம்' என உளவியல் நூல்களைத் தமிழிலேயே எழுதினார். அவினாசிலிங்கனார் 1946-இல் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம், அவரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. குழந்தைகளுக்கென்றே வேறு பத்துத் தொகுதிகளும் அவர் உழைப்பால் வந்தன. அவர் தனித்தமிழ் இயக்கத்தார் அல்லர். வடசொல்லை விலக்கி எழுதியவரும் அல்லர். அதனால் அவர் தொண்டு சிறுத்துவிடாது. உளவியலைப் பெற்றோர் படித்தறியும் தமிழில் சொல்ல முடியும் என்பதைச் செய்து காட்டினார். 1987-இல் அவர் மறைந்தார். குழந்தை வளர்ச்சியைப் பாடமாகக் கற்பிக்கும் மனையியல் கல்லூரி கோவையில் 1957-இலேயே தோன்றிவிட்டது. பாரதியார் பல்கலைக்கழகம் 1982-இல் தோன்றிற்று. தூரன் தனியொருவராகத் தொடங்கியதை இத்தனை நிறுவனங்களும் சேர்ந்து தொடர்வதற்குத் தடையென்ன?

மற்றொன்றும் உண்டு. திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகளுக்கும் கோவை நூற்பாலைகளுக்கும் ஒடியா, பீகார், சார்க்கண்டு, வங்கப் பகுதிகளிலிருந்து வந்து உழைப்போர் பலர். அவர்தம் பிள்ளைகள் நம் பள்ளிகளில் அமர்ந்திருக்கின்றனர். ஒடியா பேசும் சிறுமியைத் தமிழ்க் கோலால் அளந்து 'இவளுக்கு அறிவு மட்டு' என்று எழுதினால், நாமும் கோடார்டு செய்ததையே செய்தவராவோம். அவளுக்குத் தமிழைக் கற்பிப்போம். கற்கும் வரை அவள் அறிவை அவள் மொழியிலேயே காண்போம். தாய்மொழி உரிமை தமிழனுக்கு மட்டும் உரியதென்றால் அது கொள்கையன்று, தன்னலம். கல்விக்குச் சிறந்த வாயில் தாய்மொழியே என்று 1953-இல் உலக நாடுகளின் கல்விப் பண்பாட்டு அமைப்பான யுனெசுகோ கூறியது எல்லாக் குழந்தைக்கும் பொருந்தக் கூறியதே.

ஆதலின் நாம் வேண்டுவன இவை. தமிழ்க் குழந்தையின் வளர்ச்சியை வட்டாரந்தோறும் கேட்டு, கண்டு, எழுதி, அதன்மேல் எழுந்த அளவுகோல் வேண்டும். குழந்தைகளைப் பற்றிய ஆய்வேடு ஒவ்வொன்றுக்கும் பெற்றோர் படிக்கத்தக்க தமிழ்ச் சுருக்கம் கட்டாயமாதல் வேண்டும். இசைவுப் படிவத்தைத் தாயின் முன் உரக்கப் படித்துக் காட்டி, அவள் தன் சொல்லில் திருப்பிச் சொன்ன பின்னரே கையொப்பம் பெறுதல் வேண்டும். பிள்ளை 'வேண்டாம்' என்று தலையசைத்தால் அத்தலையசைப்பை மதித்தல் வேண்டும். தாய்மொழி பேசியதற்காகப் பிள்ளையை ஒறுக்கும் பள்ளி எதுவாயினும், அதனைப் பெற்றோர் கூடி வாயிலில் நின்று கேட்டல் வேண்டும்.

தமிழ்ப் பெற்றோரே! உங்கள் பிள்ளையைப் பற்றி யாரேனும் ஒரு தாளை நீட்டி, இதுதான் உன் பிள்ளையின் அளவு என்று சொன்னால், அஞ்சிக் கையொப்பமிட்டுத் திரும்பாதீர்கள். எம்மொழியில் கேட்டீர்கள், எந்நாட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். விடை வரும்வரை அந்த அளவை ஏற்காதீர்கள்.